அப்புச்சி மட்டும் பார்த்த விருந்தாளிகள்: லெவி பாடி நோயின் நூறு வருஷக் கதை

எங்க அப்புச்சிக்கு வந்தது மறதி இல்லை. இதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நாங்க மூணு வருஷம் ஏமாந்ததே இந்த இடத்துலதான்.

ராசிபுரம் பக்கம் மரவள்ளிக் காடு, நாலு எருமை, ஒரு திண்ணை வீடு. எண்பதைத் தொட்ட வயசிலும் கிழங்கு லோடு போன தேதி, மில்லுக்காரர் பிடிச்ச புள்ளிக் கணக்கு, பாக்கி எவ்வளவு எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் பொழுதோட அத்தையைக் கூப்பிட்டு, "அம்மிணி, திண்ணையில நாலு பேரு எந்நேரமா உக்காந்திருக்கறாங்க. ஒரு வாய் காப்பித்தண்ணி குடுக்கறதில்லையா?" என்று கேட்டார். திண்ணையில் யாரும் இல்லை. அத்தை, "ஆருமே இல்லீங்க மாமா" என்றார். அப்புச்சி கோபப்படவில்லை. விருந்தாளி முன்னாடி மருமகளை விட்டுக்கொடுக்கக் கூடாதே என்பது போல் பேச்சை மாற்றிவிட்டார்.

அப்புறம் சின்னக் குழந்தைகள் வந்தன. என்னைக்கோ விற்றுப்போன காளைகள் கட்டுத்தரைக்குத் திரும்பி வந்தன. ஊரில் ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். காத்து கருப்பு என்றார் ஒருத்தர், புத்தி மாறாட்டம் என்றார் இன்னொருத்தர். காவிரிக் கரையில் இருக்கிற குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வையுங்கள் என்று சொன்னவர்களும் உண்டு. வயசானா அப்படித்தான் என்று முடித்தவர்கள்தான் அதிகம்.

2016ல் பெங்களூரில் ஒரு டாக்டர்தான் பேர் சொன்னார்: லெவி பாடி டிமென்ஷியா. இப்படி ஒரு நோய் இருப்பதே எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்புச்சி 2019ல் போய்ச் சேர்ந்த பிறகு இந்தப் பேர் எங்கிருந்து வந்தது, எப்ப வந்தது, எங்க ஊருக்கு வர ஏன் இவ்வளவு நாள் ஆச்சு என்று தேட ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பேரைத் தொலைத்தவரின் பேர்

கதை 1817ல் லண்டனில் ஆரம்பிக்கிறது. ஜேம்ஸ் பார்க்கின்சன் என்கிற மருத்துவர் நடுக்குவாதம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். கை நடுக்கம், முன்னால் சாய்ந்த நடை, உடம்பு தளர்வது எல்லாவற்றையும் கச்சிதமாக விவரித்தவர், அறிவுக்கு இந்த நோயால் பங்கம் வராது என்றும் சேர்த்துச் சொன்னார். நோய்க்கு அவர் பேரே நிலைத்தது. கூடவே அந்த ஒரு வரியும் ரொம்ப காலம் நிலைத்துவிட்டது. நடுக்கம் வந்தால் உடம்பு நோய், புத்தி தடுமாறினால் மன நோய் என்று இரண்டு தனித்தனிப் பெட்டி போட்டாகிவிட்டது.

அடுத்து வருகிறவர் ஃபிரிட்ஸ் ஹைன்ரிஷ் லெவி. 1885ல் பெர்லினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மியூனிக்கில் அலோய்ஸ் அல்சைமரின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். ஆமாம், அந்த அல்சைமர்தான். பார்க்கின்சன் நோயில் இறந்தவர்களின் மூளையை வெட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது சில நரம்பு செல்களுக்குள் உருண்டை உருண்டையாக ஏதோ தங்கியிருப்பதைக் கண்டு 1912ல் எழுதினார். அது என்ன, என்ன செய்யும் என்பதெல்லாம் அப்போது தெரியாது. 1919ல் பாரிசில் கான்ஸ்டான்டின் திரெத்தியாகோஃப் என்கிற மருத்துவர் தன் ஆய்வேட்டில் அதே உருண்டைகளை மூளையின் வேறொரு பகுதியில் கண்டு, அவற்றுக்கு லெவியின் பேரை வைத்தார்.

லெவி பெர்லினில் ஒரு நரம்பியல் நிறுவனத்தை உருவாக்கி 1932ல் திறந்தார். அடுத்த வருஷம் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர் என்பதால் லெவியின் பதவி போனது. இங்கிலாந்து போய், அங்கிருந்து அமெரிக்காவின் பிலடெல்பியா போனார். பேரையே மாற்றிக்கொண்டார்: ஃபிரெடெரிக் ஹென்றி லூயி. 1950ல் அங்கேயே இறந்தார். தன் பேரைப் புழக்கத்தில் இருந்து எடுத்துவிட்ட ஒருவரின் பழைய பேர் இன்றைக்கு உலகம் முழுக்க டாக்டர் சீட்டுகளில் இருக்கிறது. அது ஒரு நாள் புத்தித் தடுமாற்றத்தின் பேராகவும் மாறும் என்பது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது.

ஜப்பானில் கிடைத்த மீதிக் கதை

1961ல் அமெரிக்காவில் ஹருவோ ஒகசாகியும் அவருடைய சகாக்களும் புத்தி தடுமாறி இறந்த இரண்டு பேரின் மூளையில், அதுவும் மேல்பட்டையில், இந்த உருண்டைகளைப் பார்த்தார்கள். அரிய விஷயம் என்று அது அப்படியே கிடந்தது. 1976ல் ஜப்பானின் கென்ஜி கொசாகா மறுபடி கண்டார். ஜப்பானியர்களுக்கு மட்டும் வருகிற நோயோ என்கிற சந்தேகம் எழ வாய்ப்பிருந்தது. அதற்கு அவரே பதில் தேடினார். மியூனிக்கில் ஜெர்மானியர்களின் மூளைகளிலும் அதே மாற்றத்தைக் கண்டு 1979ல் வெளியிட்டார். லெவி உட்கார்ந்து பார்த்த அதே ஊரில், அறுபது எழுபது வருஷம் கழித்து! 1984ல் இதைத் தனி நோய் என்று முன்மொழிந்தார்.

எண்பதுகளின் கடைசியில் புதுச் சாய முறைகள் வந்ததும் உருண்டைகள் சுலபமாகக் கண்ணில் பட ஆரம்பித்தன. அரிய நோய் என்று நினைத்தது அப்படி ஒன்றும் அரியதில்லை என்று தெரிந்தது. 1995ல் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் பல நாட்டு நிபுணர்கள் கூடி, உயிரோடு இருக்கும்போதே இந்த நோயை எப்படி அடையாளம் காண்பது என்று வரையறை எழுதினார்கள். அது 1996ல் வெளியானது. அந்த உருண்டைகள் ஆல்ஃபா சினூக்ளின் என்கிற புரதம் திரண்டு உண்டானவை என்பது 1997ல் தெரிந்தது.

அந்த வரையறையின் சாரத்தை நம்ம பேச்சில் சொல்றேன். புத்தி ஒரு நாள் தெளிவு, மறுநாள் மந்தம், சில சமயம் ஒரே நாளுக்குள்ளேயே இரண்டும். இல்லாத ஆள், குழந்தை, பிராணி எல்லாம் தெளிவாகக் கண்ணுக்குத் தெரிவது. நடுக்கம், உடம்பு விறைப்பு, சின்ன எட்டு வைத்த நடை. இவற்றோடு, நோய்க்குப் பல வருஷம் முன்பிருந்தே தூக்கத்தில் கத்துவது, கனவில் சண்டை போட்டுக் கையை வீசுவது. இந்தக் கடைசி அறிகுறியை 2017ல் திருத்திய வரையறையில் முக்கிய அறிகுறிகளில் ஒன்றாக ஏற்றினார்கள்.

இதைப் படித்த அன்றைக்கு அம்மாயி ஞாபகம் வந்தது. "உங்கப்புச்சி ராத்திரியெல்லாம் ஆரையோ அடிக்கறாரு சாமி, எம்மேலயும் ரெண்டு விழுகுது" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அதெல்லாம் நான் பள்ளிக்கூடம் படித்த காலம்.

இங்கே நம்ம தமிழ்ச் சொல்லும் கொஞ்சம் வழி தவற வைக்கிறது. டிமென்ஷியாவை மறதிநோய், முதுமை மறதி என்கிறோம். லெவி பாடியில் ஆரம்ப காலத்தில் ஞாபகம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். குறைவது கவனம், கண் பார்த்ததை மூளை புரிந்துகொள்கிற திறன். மறதியையே தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு, கிழங்குக் கணக்கு சொல்கிற மனுசனிடம் நோய் எப்படித் தெரியும்? பழைய பேச்சில் இருக்கிற ஓர்மை கெடுதல், ஈழத்தில் சொல்கிற அறளை பெயர்தல், இரண்டுமே இதற்கு இன்னும் நெருக்கமான சொற்கள் என்று எனக்குப் படுகிறது.

சேப்பாக்கத்தில் ஒரு விதை

இந்தக் கதையில் நம்ம ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. வேலி ஓரம் படரும் பூனைக்காலிக் கொடி தெரியும்தானே? காய் மேலே பட்டால் அரிப்பு உயிரை எடுக்கும். அதன் விதை ஆயுர்வேதத்தில் நடுக்கத்துக்கு மருந்தாக ரொம்ப நாளாகவே உண்டு. 1937ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் உயிர்வேதியியல் கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அந்த விதையில் இருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து எழுதினார்கள். அதுதான் எல்-டோபா. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் குறைவது டோபமைன் என்பதும், எல்-டோபா அதை ஈடு கட்டும் என்பதும் அறுபதுகளில்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

லெவி பாடியில் இந்த மருந்து ஒரு தராசு. தட்டில் கொஞ்சம் கூடினால் விறைப்பு குறையும், ஆனால் திண்ணையில் விருந்தாளிகள் கூடுவார்கள். விருந்தாளிகளை விரட்டுகிற மருந்து கொடுத்தால் உடம்பு கட்டையாகும்.

இந்த இரண்டாவது பக்கம்தான் எங்கள் வீட்டுக் கதை.

ஒரு ஊசி

பெங்களூர் போவதற்கு முன்னால், 2015 கடைசியில், ஒரு ராத்திரி அப்புச்சி யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டதாகக் கத்தி, கம்பை எடுத்து வீசினார். மாமா ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தார். அத்தையும் அம்மாவும் ஒரு வாடகைக் காரில் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடங்குவதற்கு ஒரு ஊசி போட்டார்கள். சீட்டில் ஹேலோபெரிடால் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டது அம்மா.

அடங்கினார். மறுநாளும் எழவில்லை. மூன்றாம் நாள் எழுந்தபோது உடம்பு பலகை மாதிரி இருந்தது. தானாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு வாய் திறக்கவே பாடு. பல வாரம் கழித்துக் கொஞ்சம் தேறினாலும் பழைய நடை திரும்பவில்லை.

ஹேலோபெரிடால் 1958ல் பெல்ஜியத்தில் பால் யான்சனின் கூடத்தில் உருவான மருந்து. மனநல மருத்துவத்துக்குப் பெரிய கொடை. ஆனால் அது வேலை செய்வதே டோபமைனைத் தடுத்துத்தான். லெவி பாடி உள்ளவர்களுக்கு டோபமைன் ஏற்கெனவே தட்டுப்பாடு. 1992ல் நியூகாஸிலின் இயன் மெக்கீத்தும் சகாக்களும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள்: இந்த வகை மருந்து கொடுக்கப்பட்ட லெவி பாடி நோயாளிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குக் கடுமையான பாதிப்பு வந்தது, மரணமும் அவர்களிடம் கூடுதலாக இருந்தது.

1992. எங்கள் ஊசிக்கு இருபத்து மூணு வருஷம் முன்னால்.

அந்த ராத்திரி டியூட்டி டாக்டரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. கம்பு வீசுகிற முதியவர், அழுகிற இரண்டு பெண்கள், நோய்க்குப் பேரே இல்லாத ஃபைல். அவர் என்ன செய்வார்? ஒரு தகவல் ஒரு ஜர்னலில் இருந்து ஒரு தாலூகா ஊர் வரை நடந்து வர எவ்வளவு காலம் ஆகிறது என்பதுதான் என் கேள்வி.

ஒன்று மட்டும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், டாக்டர் நோயின் பேரை உறுதி செய்ததும் அதை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். எந்த ஆஸ்பத்திரி போனாலும் ஊசிக்கு முன்னால் அதைக் காட்டுங்கள். ஏற்கெனவே மாத்திரை போய்க்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள். திடீரென்று குழப்பம் கூடினால் முதலில் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், காய்ச்சல் இவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி நேரம் எங்களுக்குக் காரணம் அங்கேதான் இருந்தது.

கணக்கில் வராத நோயாளிகள்

வயசானவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்களே, அப்போது இந்த நோய் இல்லையா என்று கேட்பார்கள். இருந்திருக்கும். ஆனால் விடுதலை வாங்கியபோது இந்தியரின் சராசரி ஆயுள் முப்பத்திரண்டை ஒட்டி. இன்றைக்கு எழுபது. இந்த நோய் பெரும்பாலும் அறுபதுக்கு மேல் வருவது. அதை எட்டிப்பிடிக்கிற அளவுக்கு இப்போதுதான் நிறையப் பேர் வாழ்கிறோம்.

இன்னொரு காரணம் எனக்கு ரொம்ப சுவாரசியமாக இருந்தது. வேலூர் சி.எம்.சி.யினர் கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்தார்கள். அது 10/66 என்கிற பன்னாட்டு ஆய்வின் ஒரு பகுதி. அந்தக் குழு உருவாக்கிய முறையில் பார்த்தால் 10.6 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா. அமெரிக்க வரையறையில் பார்த்தால் அதில் ஒரு சிறு பங்குதான் தேறியது. ஏன் இந்த இடைவெளி? அமெரிக்க வரையறைப்படி அன்றாடக் காரியம் கெட்டால்தான் நோய். நம்ம கிராமத்தில் எழுபது வயசுக்காரரிடம் யாரும் காரியமே எதிர்பார்ப்பதில்லை. சோறு தட்டில் வருகிறது, தண்ணி வாளியில் வருகிறது. கஷ்டம் ஏதாவது உண்டா என்று கேட்டால் மருமகள் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்பாள். நோயை முழுங்கிக்கொள்வது குடும்பம். கணக்கில் பூஜ்யம் விழுகிறது.

குடும்பம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். யார் அந்தக் குடும்பம்? கேரளத்தில் கே. எஸ். ஷாஜியும் சகாக்களும் 2003ல் வெளியிட்ட ஆய்வில் பராமரித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நோயின் அறிகுறிகளை வேண்டுமென்றே செய்கிற அழிச்சாட்டியமாக வீட்டார் எடுத்துக்கொண்டதும் அதில் பதிவாகியிருக்கிறது.

சேலம், நாமக்கல் சமவெளியில் இதற்கு ஒரு கசப்பான பின்கதை உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது எங்கள் சேலம் மாவட்டத்தில்தான். அப்போது நாமக்கல்லும் சேலத்தோடு சேர்ந்த பகுதி, 1997 ஜனவரி முதல் தேதிதான் தனி மாவட்டம் ஆனது. 2001 கணக்கெடுப்பில்கூட சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் எண்ணூற்றைம்பதை ஒட்டித்தான். செலவு என்று கணக்குப் பார்த்து வேண்டாம் என்ற மண், கடைசிக் காலத்தில் பெண்களின் கையில்தான் படுத்துக் கிடக்கிறது. ஆண்கள் லாரியிலும் ரிக்கிலும் வடக்கே. அது அவர்கள் தப்பென்று சொல்லவில்லை, அதுதான் பிழைப்பு. ஆனால் இரவு இரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டியது யார் என்பதற்கு இங்கே ஒரே பதில்தான். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு குழந்தைக்கும் குறைவு என்று ஆகிவிட்ட காலத்தில் அந்தப் பதிலும் ரொம்ப நாள் ஓடாது.

கடைசி பதினாலு மாசம்

அப்புச்சி முழுக்கப் படுக்கையானது 2018ல். அத்தை செய்த சிலவற்றை எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

தண்ணி குடித்தால் புரை ஏறியது. கெட்டியான கம்பங்கூழ் ஏறவில்லை. தொண்டை தளர்ந்தவர்களுக்கு நீர்த்ததை விடக் கெட்டியானது பத்திரம் என்று டாக்டர் பிறகு சொன்னார். அத்தை அதற்கு முன்னாலேயே கண்டுபிடித்திருந்தார். நேராக உட்கார வைத்து, சின்னக் கரண்டியில், ஒவ்வொரு வாயும் முழுங்கியாச்சா என்று பார்த்து, அப்புறமும் அரை மணி நேரம் சாய விடாமல். ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு மணி நேரம் ஆகும். டியூப் வைக்கலாமா என்ற பேச்சு வந்தது. முற்றிய டிமென்ஷியாவில் டியூப் ஆயுளைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை என்று டாக்டர் விளக்கியபின் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அந்த முடிவுக்காக மாமா இன்னும் வருத்தப்படுகிறார்.

படுக்கைப் புண் வராமல் இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டினார்கள். ஏர் பெட் வாடகைக்கு எடுத்தோம்.

இதெல்லாம் உடம்பு வேலை. அதை விடக் கஷ்டம் வேறு. நடுவில் சில மாதம் அப்புச்சிக்கு அத்தை மேல் சந்தேகம். இது என் மருமக இல்லை, அவள் மாதிரியே வேசம் போட்டு வந்தவள், சோத்துல என்னமோ கலக்கறாள் என்று பார்க்க வந்தவர்களிடம் சொல்வார். தெரிந்த முகத்தை மூளை பார்க்கும், ஆனால் அந்த முகத்தோடு சேர்ந்த பாசம் எழும்பாது. லெவி பாடியில் இது அடிக்கடி காணக்கூடியது. ஊருக்கு அது தெரியுமா? மருமக சோறு போடறதில்லையாம் என்று பேச்சு கிளம்பியது. அத்தை ஒரு நாள் கட்டுத்தரையில் நின்று அழுததை அம்மா மட்டும்தான் பார்த்தார்.

இல்லை இல்லை என்று மறுப்பதை அத்தை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார். நாலு பேர் வந்திருக்கிறார்கள் என்றால், "காப்பி குடிச்சுட்டாங்க மாமா, பொழுதாச்சுன்னு கெளம்பிட்டாங்க" என்பார். அப்புச்சி நிம்மதியாகக் கண் மூடுவார். மறுத்து வாதாடாதீர்கள், அவர் பயத்துக்குப் பதில் சொல்லுங்கள் என்று இன்றைக்குப் பராமரிப்புக் கையேடுகள் சொல்கின்றன. அத்தை எந்தக் கையேடும் படித்ததில்லை.

இப்போது

இரண்டு வருஷம் கழித்து, 2021 ஆகஸ்டில், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து நோய் ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் கொடுப்பது அதில் உண்டு. 2022 ஜனவரியில் நாமக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. முதியோருக்கான உதவி எண் 14567, மனநல உதவிக்கு 14416. நோயாளிக்காக மட்டும் இல்லை, தூங்காமல் கிடக்கிற உங்களுக்காகவும் அந்த இரண்டாவது எண்ணைக் கூப்பிடலாம். இதில் பாதி அன்றைக்கு இருந்திருந்தால் அத்தைக்கு வாரம் ஒரு ராத்திரியாவது தூக்கம் கிடைத்திருக்கும்.

இதை எழுதும் முன் அம்மாவுக்கு 1992 கட்டுரையின் விஷயத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். அந்தக் கையெழுத்து அவர் மனசில் உறுத்திக்கொண்டே இருப்பது எனக்குத் தெரியும். போன பொங்கலுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப நாம தப்புப் பண்ணல, நமக்கு ஆரும் சொல்லல" என்றார். அப்புறம், "எழுது. அடுத்த ஊட்டுக்காரிக்காவது தெரியட்டும்" என்றார்.

எழுதிவிட்டேன்.